ஷோ நின்னு போச்சு, அந்த சிங்கமெல்லாம் எங்க போச்சு?

சர்க்கஸ்ல சிங்கமும் புலியும் நெருப்பு வளையத்துக்குள்ள தாவுறத நேர்ல பாத்தவங்க எல்லாரும் இப்ப முப்பது வயச தாண்டியிருப்பாங்க. அதுக்கு கீழ இருக்குறவங்களுக்கு சர்க்கஸ்னா பார் விளையாட்டு, பைக் ஓட்டுற மரணக் கூண்டு, ஜோக்கர், அவ்வளவுதான். இது தானா நடந்த மாற்றம் இல்ல. 1998 அக்டோபர் 14ம் தேதி மத்திய அரசு ஒரு நோட்டிஃபிகேஷன் போட்டுச்சு, கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் இந்த அஞ்சையும் வித்தைக்கு பழக்கவும் கூடாது, ஷோவுல இறக்கவும் கூடாதுன்னு. சர்க்கஸ்காரங்க கோர்ட்டுக்கு போனாங்க, 2000 ஜூன்ல கேரளா ஹைகோர்ட்ல தோத்தாங்க, 2001 மே 1ம் தேதி சுப்ரீம் கோர்ட்லயும் தோத்தாங்க, அதோட அந்த வித்தைக்கு ஒரு முடிவு வந்துச்சு.

தடை வந்த கதைய நிறைய பேர் எழுதியாச்சு. எனக்கு அதுக்கு அப்புறம் நடந்ததுதான் பெருசா தெரியுது. தீர்ப்பு வந்தா ஷோ மறுநாளே நின்னுடும், ஆனா அந்த ஷோவுக்காகவே பொறக்க வச்ச சிங்கக்குட்டி இன்னும் பதினஞ்சு இருபது வருஷம் உயிரோட இருக்கும், அத எங்க வைக்குறது, யாரு கறி போடுறது, அது குட்டி போட்டா அந்தக் குட்டிய என்ன பண்றது? காட்டு மிருகத்த வேடிக்கைக்காக அடைச்சு வைக்கலாமான்னு பேச்சு வந்தா நாம சவுக்கு, அடி, பட்டினி இதோட நின்னுக்குறோம். சரி, அடிக்காம நல்லா சாப்பாடு போட்டு வச்சிருந்தா ஓகேவான்னு கேட்டா பாதி பேர் ஓகேன்னு சொல்லிடுவாங்க. எனக்கு அது ஓகே இல்ல, ஏன்னு கொஞ்சம் விலாவாரியா சொல்றேன்.

மொதல்ல கூடாரத்துக்கு பின்னாடி என்ன இருந்துச்சுன்னு பாத்துடலாம். ரிங் மாஸ்டரோட ஐட்டம் மொத்தமே பத்து பதினஞ்சு நிமிஷம், ஒரு நாளைக்கு மூணு ஷோன்னு வச்சாலும் முக்கால் மணி நேரம். மீதி நேரம் பூரா அந்தப் புலி இருந்தது சக்கரம் வச்ச கூண்டு வண்டிலதான். அதுல திரும்பலாம், படுக்கலாம், எந்திரிக்கலாம், வேற ஒண்ணும் முடியாது. ஒரு ஊர்ல டேரா முடிஞ்சா அப்படியே லாரில ஏத்தி அடுத்த ஊரு, வெயிலோ மழையோ அதே கூண்டுதான். காட்டுல ஒரு பெண் புலி தனக்குன்னு சுமார் இருபது சதுர கிலோமீட்டர் இடத்த வச்சுக்கிட்டு சுத்தும், ஆம்பள புலிக்கு அதைவிட பல மடங்கு வேணும். அப்படிப்பட்ட ஜீவன பன்னெண்டு பதிமூணு வருஷம் ஒரு கட்டில் அளவு இடத்துல வச்சா அதுக்கு என்னாகும்? இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒரே மாதிரி நடந்துக்கிட்டே இருக்கும், திரும்புற இடத்துல ஒரே மாதிரி தலைய சாய்ச்சு திரும்பும், நின்னு பாத்தீங்கன்னா கால் வைக்குற இடம் கூட மாறாது. ஜூல பாத்துருப்பீங்க, நிறைய பேர் அத "செம சுறுசுறுப்பா இருக்குடா"ன்னு போன்ல வீடியோ எடுப்பாங்க. அது சுறுசுறுப்பு இல்ல, அடைபட்டதால வந்த மனக்கோளாறு, விலங்கு டாக்டர்கள் யாரக் கேட்டாலும் சொல்வாங்க.

அப்புறம் நெருப்பு. சிங்கம், புலி மாதிரி காட்டு மிருகம் நெருப்பப் பாத்தா பொதுவா ஒதுங்கித்தான் போகும், அது அதோட இயல்பு. அத தாண்டி அது வளையத்துக்குள்ள குதிக்குதுன்னா, அந்தப் பக்கம் இருக்குற நெருப்ப விட இந்தப் பக்கம் இருக்குற ஏதோ ஒண்ணுக்கு அது ரொம்ப பயப்படுதுன்னு அர்த்தம். பயிற்சிங்குறது சுருக்கமா இதான். எல்லா ரிங் மாஸ்டரும் கொடுமைக்காரங்கன்னு நான் சொல்ல வரல, குட்டில இருந்து பால் ஊட்டி வளத்தவங்க, அது செத்தா சோறு தண்ணி இல்லாம உக்காந்துருந்தவங்க அதுல நிறைய பேர் உண்டு. கோர்ட்லயும் முதலாளிங்க அதத்தான் சொன்னாங்க, நாங்க குடும்பத்துல ஒருத்தர் மாதிரி பாத்துக்குறோம், இது எங்க தொழில், தொழில் பண்றது எங்க அடிப்படை உரிமை, யானையையும் குதிரையையும் விட்டுட்டு இந்த அஞ்ச மட்டும் தடை பண்றது பாரபட்சம்னு. கேரளா ஹைகோர்ட் அதுக்கு சொன்ன பதில் அப்போதைக்கு ரொம்ப புதுசு. மனுஷனா பொறக்கலன்னாலும் அதுங்களுக்கும் சித்திரவதை இல்லாம கௌரவமா வாழ உரிமை இருக்கு, சட்டம் தர்ற உரிமை மனுஷனோட தனிச் சொத்து இல்லங்குற கருத்துல அந்தத் தீர்ப்பு இருந்துச்சு. எந்த மிருகத்த லிஸ்ட்ல சேக்கணும், எத விடணும்ங்குறது அரசாங்கம் முடிவு பண்ண வேண்டியதுன்னு சுப்ரீம் கோர்ட்டும் ஒத்துக்கிச்சு.

இதுக்கெல்லாம் அடித்தளமா இருந்த சட்டத்துக்குப் பின்னாடி நம்ம ஊர்க்காரம்மா ஒருத்தங்க இருக்காங்க. மதுரைல பொறந்து சென்னைல கலாக்ஷேத்ராவ ஆரம்பிச்ச ருக்மிணி தேவி அருண்டேல். பரதநாட்டியத்துக்காகத்தான் அவங்கள எல்லாருக்கும் தெரியும், ஆனா ராஜ்யசபாவுக்கு நியமன உறுப்பினரா போனதும் 1953ல விலங்கு வதைத் தடுப்புக்குன்னு அவங்க தனிநபர் மசோதா ஒண்ணு கொண்டுவந்தாங்க. அரசாங்கமே ஒரு சட்டம் கொண்டுவரும்னு நேரு உறுதி கொடுத்ததால அத வாபஸ் வாங்கிட்டாங்க, அந்த உறுதில வந்ததுதான் 1960ம் வருஷத்து விலங்கு வதைத் தடுப்புச் சட்டம். 1962ல விலங்குகள் நல வாரியம் அமைச்சப்ப அதுக்கு மொதல் தலைவரும் அவங்கதான், ஆபீஸும் ரொம்ப வருஷம் சென்னைலதான் இருந்துச்சு.

அந்தச் சட்டத்துல 22ம் பிரிவுதான் நம்ம விஷயத்துக்கு சாவி. வித்தை காட்டுற மிருகம்னா பதிவு பண்ணணும், அதோட, எந்த மிருகத்த வித்தைக்கே பயன்படுத்தக் கூடாதுன்னு மத்திய அரசு அறிவிக்கலாம்னு அது சொல்லுது. முப்பது வருஷம் அந்த ரெண்டாவது அதிகாரத்த யாரும் தொடல. 1991 மார்ச்ல தான் மொத லிஸ்ட் வந்துச்சு, அதுல சிங்கம் இல்ல, நாய் இருந்துச்சு. சர்க்கஸ் சங்கம் டெல்லி ஹைகோர்ட் போக, மறுபடி பரிசீலனை பண்ணுங்கன்னு கோர்ட் சொல்ல, கமிட்டி போட்டு பாத்து சிங்கத்த சேத்து வந்ததுதான் 1998 லிஸ்ட், அதுல நாய் இல்ல. 2011ல இதே லிஸ்ட்ல காளைய சேத்தாங்க, ஜல்லிக்கட்டுக்கு தடை வந்தது அதனாலதான். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்க வேணாம், காளை ஆயிரக்கணக்கான வருஷமா மனுஷன் கூடவே வீட்டுல வளந்த மிருகம், அதோட விவாதம் வேற. சட்டத்துல ரெண்டும் ஒரே வாசல் வழியா வந்துச்சுங்குறதுக்காக சொன்னேன்.

இன்னொரு பிரிவு இருக்கு, 27. கல்விக்கோ விஞ்ஞானத்துக்கோ மிருகங்கள காட்சிக்கு வைக்குற அமைப்புகளுக்கும் ஜூவுக்கும் இந்த விதிகள் பொருந்தாதுன்னு அது சொல்லுது. அத ஞாபகத்துல வச்சுக்கோங்க, பின்னாடி வரேன்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வருவோம். தீர்ப்பு வந்துச்சு, நாடு பூரா சர்க்கஸ்கள்ல இருந்து நூத்துக்கணக்குல சிங்கமும் புலியும் மீட்டாங்க. மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் அதுங்களுக்காக வண்டலூர், பன்னேர்கட்டா, திருப்பதி, விசாகப்பட்டினம், ஜெய்ப்பூர்னு மீட்பு மையங்கள உருவாக்குச்சு. வண்டலூர் ஜூவுக்கு போற நம்மள்ல முக்காவாசி பேருக்கு அப்படி ஒண்ணு அங்க இருக்குறதே தெரியாது, காரணம் அது பொதுமக்கள் பாக்குறதுக்கு இல்ல. ஒரு சிங்கத்துக்கு ஒரு நாளைக்கு ஏழெட்டு கிலோ மாட்டுக்கறி போகும், வாரத்துல ஒரு நாள் பட்டினி போடுவாங்க, அது செரிமானத்துக்காக எல்லா ஜூலயும் பண்றதுதான். இத வருஷக்கணக்குல கணக்கு போட்டு பாருங்க, டாக்டர், மருந்து, காவலுக்கு ஆள் எல்லாம் சேத்து. டிக்கெட் வித்த காசு முதலாளிக்கு போச்சு, அந்த மிருகத்தோட முதுமைக்கான செலவு மட்டும் அரசாங்கத்து தலைல, அதாவது நம்ம தலைல.

காட்ல விட்டுட வேண்டியதுதானேன்னு உடனே ஒரு கேள்வி வரும். முடியாது. ஒரு தடவ கூட வேட்டையாடாத சிங்கம், பசிச்சா மனுஷனப் பாத்துதான் வரும், ஏன்னா பொறந்ததுல இருந்து சாப்பாடு மனுஷன் கையில இருந்துதான் வந்துச்சு. அப்படி ஒண்ணு ஊருக்குள்ள வந்தா மொத நாளே சுட்டுருவாங்க, இல்ல அது யாரையாவது கொன்னுரும். இதையும் தாண்டி பெரிய பிரச்சனை ஒண்ணு இருந்துச்சு, அது ரத்தத்துல. ஆசிய சிங்கம் இயற்கையா மிஞ்சியிருக்குறது உலகத்துலயே குஜராத்ல கிர் காட்டையும் அத சுத்தியுள்ள இடத்துலயும் மட்டும்தான், 2025 கணக்கெடுப்புல 891. சர்க்கஸ்ல இருந்ததுங்க அப்படி இல்ல, எங்கயோ இருந்து வந்த ஆப்பிரிக்க சிங்கத்தையும் ஆசிய சிங்கத்தையும் கலந்து, அண்ணன் தங்கச்சின்னு பாக்காம சேத்து விட்டு பொறந்த கலப்பினம். ஷோவுக்கு சிங்கம் வேணும், அது எந்த இனம்னு டிக்கெட் வாங்குறவன் கேக்கப் போறதில்ல.

இதோட விளைவ சண்டிகர் பக்கத்துல இருக்குற சத்பீர் ஜூ நல்லாவே அனுபவிச்சுது. அங்கயும் சர்க்கஸ் வழியா வந்த ரத்தம் கலந்து கூட்டம் கூட்டமா சிங்கம் பெருகிப்போச்சு, ஒரு கட்டத்துல எண்பது பக்கம். அப்புறம் அதுங்களுக்கு வரிசையா நோய், எதிர்ப்பு சக்தியே இல்ல, சின்ன புண்ணு வந்தா கூட ஆறாது, பின்னங்கால் பலவீனம். கடைசில ஆண் சிங்கங்களுக்கு எல்லாம் கருத்தடை ஆபரேஷன் பண்ணி, இருக்குறத கடைசி வரைக்கும் பாத்துக்குவோம், புதுசா ஒண்ணும் பொறக்க வேணாம்னு முடிவு பண்ணாங்க. மீட்பு மையங்கள்லயும் அதே விதிதான், ஆணையும் பெண்ணையும் சேக்க மாட்டாங்க. கேக்க கஷ்டமா இருக்கும், ஒரு சிங்கக் கூட்டமே வாரிசு இல்லாம முடியணும்னு திட்டம் போட்டு காத்திருக்கறது. ஆனா அந்த எடத்துல செய்யக்கூடிய நியாயமான காரியம் அது ஒண்ணுதான்னு நான் நம்புறேன். கூண்டுல பொறந்து கூண்டுலயே சாகப்போற இன்னொரு உயிர உருவாக்குறதுல என்ன கருணை இருக்கு?

இதே கதை தாய்லாந்துல இன்னும் கோரமா நடந்துச்சு. காஞ்சனபுரில ஒரு புத்த மடம், புலிக்கோயில்னே உலகம் பூரா பேரு, காவி கட்டின துறவிங்க கூட புலி நடக்கும், டூரிஸ்ட் புலிக்குட்டிக்கு பால் பாட்டில் குடுத்து போட்டோ எடுத்துக்குவாங்க. 2016ல வனத்துறை ரெய்டு பண்ணப்போ ஃப்ரீசருக்குள்ள 40 புலிக்குட்டியோட உடம்பு கிடைச்சுது. உயிரோட இருந்த புலிங்கள அரசாங்க மையத்துக்கு மாத்துனாங்க, மொத்தம் 147. 2019ல அதிகாரிங்க சொன்ன கணக்குப்படி அதுல 86 செத்துப்போச்சு, நோயும், நெருங்கின சொந்தத்துக்குள்ளயே இனப்பெருக்கம் பண்ண வச்சதால மூச்சுக்குழல்ல வந்த கோளாறும்தான் காரணம்னு சொன்னாங்க. மீட்டவங்க சரியா பாத்துக்கலன்னும் ஒரு குற்றச்சாட்டு இருக்கு, ரெண்டுலயும் உண்மை இருக்கலாம். ஆனா அந்த உடம்ப அவ்வளவு பலவீனமா ஆக்குனது எது? வருஷம் பூரா டூரிஸ்ட் மடில போட குட்டி வேணும்ங்குற தேவை. நம்ம ஆளுங்க தாய்லாந்து பேக்கேஜ் போனா புலி கூட செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் போடாம வர்றதில்ல, அவங்கள திட்டணும்னு எனக்கு தோணல, யாரும் அவங்களுக்கு சொல்லல. அந்தக் குட்டி மூணு நாலு மாசத்துல மடில உக்கார முடியாத அளவுக்கு வளந்துடும், அதுக்கப்புறம் அது எங்க போகும்னு டிக்கெட் கவுன்டர்ல ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க.

கரடி விஷயம் வேற மாதிரி, நான் அடிக்கடி யோசிக்கிற விஷயம் அது. பழைய ஆளுங்களுக்கு தெருவுல கரடி வித்தைக்காரன் வந்தது ஞாபகம் இருக்கும், குழந்தை பயம் போகன்னு கரடி மேல உக்கார வைப்பாங்க, கரடி முடி வச்ச தாயத்து வாங்கி கட்டுவாங்க. வடக்க இத பரம்பரைத் தொழிலா செஞ்சவங்க கலந்தர்னு ஒரு நாடோடி முஸ்லிம் சமூகம், முகலாயர் காலத்துல அரண்மனைல வித்தை காட்டுனவங்கன்னு சொல்வாங்க. தாய்க்கரடியக் கொன்னாத்தான் குட்டி கையில கிடைக்கும். கிடைச்ச குட்டிக்கு சில மாசம் ஆனதும் பழுக்கக் காய்ச்சின கம்பிய மூக்குத்தண்டுல குத்தி ஓட்டை போட்டு, மயக்க மருந்தெல்லாம் கிடையாது, அதுல மூக்கணாங்கயிறு மாதிரி கயித்த கோத்துடுவாங்க. பல்ல உடைச்சுடுவாங்க. அந்தப் புண்ணு ஆறவே ஆறாது, கயித்த லேசா சுண்டினா வலி தாங்காம ரெண்டு கால்ல எந்திரிச்சு நிக்கும், நாம அத டான்ஸ்னு நெனச்சு காசு போட்டோம்.

1972ல வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்ததுமே இது குற்றம் ஆயிடுச்சு. ஆனா முப்பது வருஷத்துக்கு மேல தெருவுல கரடி ஆடிக்கிட்டேதான் இருந்துச்சு, ஏன்? போலீஸ் புடிச்சாலும் கரடிய வைக்க இடம் இல்ல. கரடிய புடுங்குனா அந்தக் குடும்பத்துக்கு அன்னிக்கு ராத்திரி சாப்பாடு இல்ல, அதனால அவன் அடுத்த மாசமே இன்னொரு குட்டிய வாங்கிடுவான், காட்டுல இன்னொரு தாய்க்கரடி சாகும். காட்டு மிருகங்கள மீட்குற வைல்ட்லைஃப் எஸ்ஓஎஸ்ங்குற அமைப்பு இத புரிஞ்சுக்கிட்டு ரெண்டு பக்கமும் வேலை செஞ்சாங்க. ஒரு பக்கம் 1999ல ஆக்ராவுல கரடிங்களுக்கு மீட்பு மையம். இன்னொரு பக்கம் கரடிய ஒப்படைக்குற குடும்பத்துக்கு வேற தொழில் தொடங்க பணம், ஆட்டோ, சின்ன கடை, பொம்பளைங்களுக்கு தையல், பசங்களுக்கு ஸ்கூல், பதிலுக்கு இனிமே கரடி தொட மாட்டேன்னு எழுதிக் குடுக்கணும். அறுநூறுக்கும் மேல கரடி வந்துச்சு, 2009 டிசம்பர்ல கடைசி ஆட்டக் கரடியும் ஒப்படைக்கப்பட்டுச்சு. பல நூறு வருஷப் பழக்கம் ஒண்ணு சுமார் பத்து வருஷத்துல நின்னுச்சு.

ஆக்ரா மையத்துக்கு வந்த கரடிங்கள்ல நிறைய கண்ணு தெரியாததுங்க, பல்லு இல்லாததால கஞ்சி மாதிரி கரைச்சுத்தான் ஊத்தணும், சிலதுக்கு மனுஷங்க கிட்ட இருந்து ஒட்டுன காசநோய் வேற. கயித்த அறுத்து எடுத்து வருஷக்கணக்கானாலும் சில கரடி நின்ன எடத்துலயே பக்கவாட்டுல ஆடிக்கிட்டே இருக்கும்.

சர்க்கஸ்காரங்களுக்கு இந்த மாதிரி ஒரு மறுவாழ்வு கிடைச்சுதான்னு கேட்டா, பெருசா இல்லங்குறதுதான் உண்மை. இந்திய சர்க்கஸோட தாய்வீடு கேரளாவுல இருக்குற தலச்சேரி, கீலேரி குஞ்ஞிக்கண்ணன் 1901ல அங்க ஆரம்பிச்ச பயிற்சிப் பள்ளில இருந்துதான் தலைமுறை தலைமுறையா கலைஞர்கள் வந்தாங்க. 2001ல மிருகம் போச்சு, 2011ல குழந்தைங்கள சர்க்கஸ்ல வேலைக்கு வைக்கக் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, ரெண்டுமே சரியான முடிவு, நடுவுல வீட்டுக்கு வீடு கேபிள் டிவி வந்து கூட்டமும் போச்சு. வாழ்க்கை பூரா கூடாரத்துல கழிச்ச கலைஞனுக்கு என்ன வழின்னு யாரும் கேக்கல. மிருகத்துக்காக பேசுறவங்க மனுஷனப் பத்தி பேச மாட்டாங்கன்னு ஒரு பேச்சு உண்டே, கலந்தர் விஷயத்துல அத பொய்யாக்கிக் காட்டுனாங்க, சர்க்கஸ் விஷயத்துல அந்தப் பேச்சுக்கு எடம் குடுத்துட்டோம்.

சரி, 27ம் பிரிவுக்கு வரேன். சர்க்கஸ் தப்புன்னா ஜூ மட்டும் சரியா? மெட்ராஸ் ஜூவோட ஆரம்பம் 1855, எட்வர்ட் பால்ஃபர்ங்குற டாக்டர் எழும்பூர் மியூசியத்துல மிருகங்கள வச்சு ஆரம்பிச்சார், அப்புறம் பார்க் டவுன், மூர் மார்க்கெட் பக்கம் போச்சு, சத்தமும் புகையும் தாங்காம 1985ல வண்டலூர் போனது. பழைய ஜூவுக்கும் இப்ப இருக்குறதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம், இடம் 602 ஹெக்டேர், அகழி வச்ச திறந்தவெளி அடைப்புங்க, சட்டப்படி மிருகத்த சீண்டுனா, தீனி போட்டா குற்றம். இருந்தும் காணும் பொங்கல் அன்னிக்கு போய் பாருங்க, தூங்குற புலிய எழுப்ப விசில் அடிக்குறது, பாட்டில் எறியுறது எல்லாம் நடக்கும், காவலாளி கத்திக் கத்தி தொண்டை கட்டிப்போய் நிப்பார். வந்தவன் அங்க கல்வி கத்துக்க வரல, காசு குடுத்தாச்சு, புலி எந்திரிச்சு ஏதாவது பண்ணணும்னு எதிர்பாக்குறான்.

ராஸ் கிளப், ஜார்ஜியா மேசன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 2003ல நேச்சர் பத்திரிகைல ஒரு ஆய்வு போட்டாங்க. காட்டுல எந்த வேட்டை மிருகம் அதிக தூரம் சுத்துமோ அதுங்கதான் அடைப்புல அதிகமா பித்துப்பிடிச்ச மாதிரி நடக்குது, அதுங்க குட்டிங்கதான் அதிகமா சாகுதுன்னு கண்டுபிடிச்சாங்க. பனிக்கரடிக்கு ஜூல குடுக்குற இடம் அது இயற்கைல சுத்துற பரப்புல பத்து லட்சத்துல ஒரு பங்குதான். சாப்பாடும் டாக்டரும் இருந்தும் இப்படின்னா அடிக்காம வச்சா போதும்ங்குற வாதம் எங்க நிக்கும்? சில மிருகத்த எப்படி வச்சாலும் அதுக்கு நல்லா இருக்காது, அத ஒத்துக்கணும்.

பாதுகாப்புக்காக வளக்குறோம்னு ஜூக்கள் சொல்றதுல நியாயம் இருக்கு, நான் மறுக்கல. வண்டலூர்ல சிங்கவால் குரங்கு இனப்பெருக்கத் திட்டம் நடக்குது, நல்ல விஷயம். ஆனா இந்தியாவுல அழிவுல இருந்து காப்பாத்தி திரும்ப காட்டுல விட்டதுல ரொம்ப நல்லா நடந்தது எதுன்னு பாருங்க. அஸ்ஸாம்ல 1996ல வெறும் ஆறு குள்ளப் பன்றிய புடிச்சு குவஹாத்தி பக்கம் வச்சு பெருக்கி, 2008ல இருந்து புல்வெளிக் காடுகள்ல விட்டுக்கிட்டு வர்றாங்க. ஹரியானா பிஞ்சோர்ல கழுகு வளக்குறாங்க, நம்ம ஊர்ல பிணந்தின்னிக் கழுகும்பாங்களே அது. ரெண்டு இடத்துலயும் டிக்கெட் கவுன்டர் கிடையாது, பாப்கார்ன் கிடையாது, மனுஷ வாசனையே அதுங்களுக்கு பழகக் கூடாதுன்னு கவனமா இருக்காங்க. ஏன்னா திரும்பக் காட்டுக்குப் போகணும்னா மனுஷன நம்பக் கூடாது. கூட்டம் சேத்து காட்டுறதும் காட்டுக்குத் திருப்பி அனுப்புறதும் ஒரே இடத்துல ஒண்ணா நடக்கறது ரொம்ப அபூர்வம். அதனால ஒரு ஜூ பாதுகாப்புன்னு சொன்னா, இதுவரைக்கும் எத்தன மிருகத்த எந்தக் காட்டுல விட்டீங்கன்னு கேக்குறது நியாயமான கேள்வின்னு நெனக்கிறேன்.

டால்ஃபின் விஷயத்துல நம்ம நாடு மத்த பல நாடுகள விட முந்திக்கிச்சு. சென்னை பக்கம் முட்டுக்காட்டுல 1990கள் கடைசில பல்கேரியாவுல இருந்து டால்ஃபின் கொண்டுவந்து ஷோ ஆரம்பிச்சாங்க, சில மாசத்துலயே எல்லாம் செத்துப்போச்சு. அப்புறம் கொச்சி, மும்பைன்னு புதுசா திட்டங்கள் கிளம்பினப்போ 2013 மே மாசம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் டால்ஃபினேரியம், அதாவது டால்ஃபின அடைச்சு வச்சு ஷோ காட்டுற இடம், எதுக்கும் அனுமதி தரக்கூடாதுன்னு மாநிலங்களுக்கு சுற்றறிக்கை அனுப்புச்சு. இங்க நடந்தது எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம், புடிச்சு அடைச்சதுக்கு அப்புறம் மீட்கல, புடிக்கறதுக்கு முன்னாடியே கதவ சாத்திட்டாங்க, அதனால மீட்பு மையமும் தேவைப்படல.

யானைக்குத்தான் இது எதுவும் நடக்கல. 1998 லிஸ்ட்ல யானை இல்ல, 2009ல ஜூ, சர்க்கஸ்ல இருக்குற யானைங்கள முகாம்களுக்கு மாத்தச் சொல்லி மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் உத்தரவு போட்டுச்சு, அதுக்கு அப்புறமும் சர்க்கஸ் யானை முழுசா போக பல வருஷம் ஆச்சு. கல்யாணம், கடை திறப்பு விழா, கட்சி ஊர்வலத்துக்கு வாடகை யானை வர்றது இன்னும் சில எடத்துல நடக்குது. கோயில் யானைய இதுல சேக்காதீங்கன்னு சொல்வீங்க, பக்தி வேற வேடிக்கை வேறன்னு. கும்பிடுறவங்க மனசுல அது உண்மைதான், நானும் யானைகிட்ட ஆசீர்வாதம் வாங்கி வளந்தவன்தான். ஆனா யானை பக்கத்துல இருந்து பாத்தா சிமெண்ட் தரை, கால் சங்கிலி, நாள் பூரா தும்பிக்கைய தூக்கி தூக்கி தலைல வைக்கணும், பேச இன்னொரு யானை கிடையாது. யானை கூட்டத்துல வாழ்ற மிருகம், பாட்டியும் சித்தியும் பெரியம்மாவும் சேந்து குட்டி வளக்குற மிருகம். 2008ல சயின்ஸ் பத்திரிகைல வந்த ஆய்வுல ஐரோப்பிய ஜூல பொறந்த ஆசியப் பெண் யானையோட சராசரி ஆயுசு சுமார் 19 வருஷம், மியான்மர்ல மரம் இழுக்குற வேலை பாத்த யானைக்கு சுமார் 42. வேலை வாங்குறது நல்லதுன்னு இதுக்கு அர்த்தம் இல்ல, அந்த வேலை யானைங்கள ராத்திரி காட்டுக்குள்ள அவுத்து விடுவாங்க, மத்த யானைங்களோட சேந்து மேயும், வித்தியாசம் அங்கதான் வருது.

சட்டம் இங்க பின்னாடி போயிருக்கு. சிறைபிடிச்ச யானைய விக்கக் கூடாது, வியாபாரமா கை மாத்தக் கூடாதுன்னு வன உயிரினச் சட்டத்துல 43ம் பிரிவு இருந்துச்சு. 2022 திருத்தத்துல உரிமைச் சான்று வச்சிருக்குறவங்க மத காரணத்துக்காகவோ வேற எந்தக் காரணத்துக்காகவோ யானைய மாத்தலாம், கொண்டு போகலாம்னு சேத்துட்டாங்க, 2024ல அதுக்கு விதியும் வந்துடுச்சு. அந்த "வேற எந்தக் காரணம்"ங்குறதுக்குள்ள எது வேணா நுழையும், பாராளுமன்றத்துலயே பல உறுப்பினர்கள் இத எதிர்த்து பேசுனாங்க.

இதுக்கு நடுவுல நம்ம மாநிலத்துல ஒரு வேலை சத்தமில்லாம நடக்குது. திருச்சி பக்கம் எம்.ஆர்.பாளையத்துல வனத்துறை 2019ல இருந்து யானை மறுவாழ்வு மையம் ஒண்ணு நடத்துறாங்க, தனியார்கிட்டயும் கோயில்லயும் சரியா பராமரிக்க முடியாத யானைங்கள அங்க கொண்டுபோய் விடுறாங்க. சங்கிலி இல்லாம மண்ணுல நடக்கலாம், குளிக்கலாம், கூட இன்னொரு யானை இருக்கும். காட்டுக்கு அதுங்க இனி போக முடியாது, சர்க்கஸ் சிங்கம் மாதிரியேதான். ஆனா யானைக்கு ஆயுசு சிங்கத்த விட மூணு மடங்கு, இன்னிக்கு பத்து வயசுல ஒரு குட்டிய கோயில்லயோ தனியார் கொட்டடிலயோ கட்டுனா அதோட பொறுப்பு 2070 வரைக்கும் போகும். புதுசா ஒரு யானைய யாராவது வாங்குறாங்கன்னா கோயில் நிர்வாகமோ, தர்மகர்த்தாவோ, வனத்துறையோ, அந்தக் கணக்க எழுத்துல காட்டச் சொல்லணும், யாரு பணம், எந்த இடம், கூட எத்தன யானை, இந்தப் பாகனுக்கு அப்புறம் யாரு பாகன்னு. காட்ட முடியலன்னா அனுமதி கிடையாதுன்னு விதில ஒரு வரி சேத்தா போதும், புது யானை வர்றது கிட்டத்தட்ட நின்னுடும், ஏற்கனவே இருக்குறதுங்கள நல்லா வச்சுக்க அந்தக் காசாவது மிஞ்சும்.